ஏரியை எரியாக்கும் ஒரு தூசி

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

கேமராவுக்குள் விழுந்த தூசியைப் பற்றி எழுத ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாருக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. கல்வெட்டு படிப்பவனுக்கும் தூசிக்கும் உள்ள பகை இன்று நேற்று வந்ததல்ல.

சென்ற மாதம் என்னிடம் படித்த ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இப்போது அவரே ஆசிரியை. பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அவர் பொறுப்பு. பிள்ளைகளை வல்லம் குடைவரைக்கு அழைத்துப் போயிருக்கிறார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் உள்ள வல்லம்தான். முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களைச் சொல்லி, அவனுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரின் மகனான கந்தசேனன் இந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். நம் ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பழைய தமிழ் எழுத்து இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அதைக் கையடக்க டிஜிட்டல் கேமராவில் எடுத்திருக்கிறார். படத்தில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒன்று தெரிந்தது. அவர் கேள்வி: "சார், இது புள்ளியா?"

நல்ல கேள்வி. ஏன் நல்ல கேள்வி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று நாம் எழுதும்போது மெய்யெழுத்துக்குத் தவறாமல் புள்ளி வைக்கிறோம். பழைய ஓலையிலும் கல்லிலும் அப்படி இல்லை. புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சிலவற்றில் புள்ளியைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் பிற்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். அதனால் ஒரு கல்வெட்டில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே அதன் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தடயம்.

இன்னொன்றும் உண்டு. பழைய முறையில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஏகாரத்துக்குக் கீழே கால் இழுத்து, ஓகாரத்துக்குச் சுழி போட்டு வேறுபடுத்தியது வீரமாமுனிவர் காலத்து ஏற்பாடு. அவர் வாழ்ந்தது 1680 முதல் 1747 வரை. அதற்கு முன்பு, இலக்கணப்படி எழுதினால், எழுத்து ஒன்றுதான். தலையில் புள்ளி இருந்தால் 'எரி', இல்லையென்றால் 'ஏரி'.

நம்முடையது ஏரிகளின் மாவட்டம். கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி, வேடந்தாங்கல் ஏரி என்று சொல்லிக்கொண்டே போகலாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரில்தான் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சோழர் காலத்தில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தூசி எழுத்தின் தலையில் உட்கார்ந்தால் ஏரி எரியாகிவிடும். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்றாலும் விஷயம் வேடிக்கை இல்லை.

மாணவிக்கு நான் சொன்ன பதில் ஒரு வரிதான்: "அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையும் வரிசையாகப் பாரம்மா."

பார்த்தார். வல்லத்திலிருந்து அப்படியே மாமல்லபுரம் போயிருக்கிறார்கள். கடற்கரைக் கோயிலின் விமானத்துக்கு வலப்பக்கம் வானத்தில் அதே சாம்பல் வட்டம். அர்ச்சுனன் தபசு படத்தில் ஒரு யானையின் நெற்றியில் அதே வட்டம். பிள்ளைகள் வரிசையாக நிற்கும் குழுப் படத்தில் ஒரு பையனின் சட்டையில் அதே வட்டம். படத்தின் இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் அளந்தால் எல்லாவற்றிலும் ஒரே தூரம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் மட்டும் பக்கம் மாறி இருந்தது. திருப்பிப் பார்த்தால் அங்கேயும் கணக்கு சரி.

அப்புறம் என்ன சந்தேகம்? கல்லில் உள்ள புள்ளி கல்லோடு இருக்கும். நாம் இரண்டடி நகர்ந்து எடுத்தால் படத்தில் அதுவும் நகரும். கருவியில் உள்ள கறை நகராது. எங்கே போனாலும் கூடவே வரும்.

இந்த ஒரு சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பதிவு முழுக்க இதைச் சுற்றித்தான்.

• • •

கல்லில் இருப்பதை வேறொன்றில் எடுத்து வைக்கும் வேலை நம் கரையில் 200 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் தூசி வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கையால் வரைந்தார்கள். பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் பார்த்து எழுதி, படித்து, 1830இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி வழியாக வெளியிட்டார். கையால் எழுதும்போது கேமராத் தூசி கிடையாது. ஆனால் எழுதுகிறவரின் கண்ணே கருவி. கல்லில் இயற்கையாக உள்ள குழியை அவர் புள்ளி என்று நினைத்தால் தாளிலும் அது புள்ளிதான்.

பிறகு மைப்படி வந்தது. கல்லைத் தூரிகையால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹூல்ஷ், 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியை வெளியிட்டார். அந்தத் தொகுதி தொடங்குவதே மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளில்தான். மைப்படி எடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கழுவுவதில்தான் பாதி வேலை. கல்லுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மணல் மாட்டிக்கொண்டாலும் எழுத்தின் மேல் இல்லாத அடையாளம் விழும்.

இதற்கு இடையிலேயே புகைப்படமும் வந்துவிட்டது. சென்னையில் 1856இல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஏற்பட்டது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசு தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் எடுத்தவர். 1858இல் அவர் செய்த ஒரு காரியத்தைக் கல்வெட்டுப் படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். அந்தக் காலத்துக்கு அது சாதாரண வேலை இல்லை. பிறகு ஆளுநர் டிரெவெலியன், இது அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார் என்பது வேறு கதை.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவ். தாளின் நாரும் கறையும் படத்தில் எங்கே தெரியும் தெரியுமா? வானத்தில். மரம், சிற்பம், சுவர் இருக்கும் இடத்தில் கண் ஏமாறும். ஒன்றுமில்லாத வானத்தில் ஏமாறாது. அதனால் அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் நெகட்டிவின் வானத்தில் மை தீட்டி மறைப்பார்கள். டிரைப் இன்னும் ஒரு படி மேலே போய் மேகத்தையே தூரிகையால் வரைந்து சேர்த்திருக்கிறார். 160 ஆண்டுகள் கழித்து என் மாணவியின் கேமராத் தூசியும் கடற்கரைக் கோயிலின் வானத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து கண்ணாடித் தகடு. 1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் சொன்ன ஈரத்தகடு முறையில், கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பசை ஈரமாக இருக்கும்போது ஒரு தூசி விழுந்தால் வால் நட்சத்திரம் போல ஒரு கோடு இழுத்துக்கொண்டு நிற்கும். கூடாரத்துக்குள் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள், தூசி எழும்பாமல் இருக்க.

பிலிம் ரோல் நம் தலைமுறை. எங்கள் காலத்து ஸ்டூடியோக்களில் ஓர் ஓரத்தில் டச்சிங் செய்பவர் உட்கார்ந்திருப்பார். சாய்வான கண்ணாடிப் பலகை, பின்னால் விளக்கு, முனை ஊசி போலச் சீவிய பென்சில். நெகட்டிவில் முகத்து அம்மைத் தழும்பை அவர் எடுத்துவிடுவார். பிரிண்ட் ஆன பிறகு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் நாலு முடி உள்ள பிரஷ்ஷில் சாயம் தொட்டு ஒவ்வொன்றாக அடைப்பார். கல்யாணப் படத்தில் நம் வீட்டுப் பெண்கள் அவ்வளவு அழகாக இருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தகடோ பிலிமோ, ஒவ்வொரு படத்துக்கும் புதிய பரப்பு. அதில் விழுந்த தூசி அந்தப் படத்தோடு போய்விடும். அடுத்த படம் அதன் அதன் அதிர்ஷ்டம். பிலிம் போகும் சட்டத்தில் ஒரு முடி சிக்கினால் மட்டும் ரோல் முழுவதும் ஓரத்தில் வரும்.

டிஜிட்டலில் இது தலைகீழாகிவிட்டது.

• • •

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி என்ற ஒளி உணரும் சில்லுக்கு வழி கண்டார்கள். அதற்கு நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து 2009இல் கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் படத்தில் குறுக்கே 100, நெடுக்கே 100, மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி.

இன்று சட்டைப் பையில் போகும் சாதாரண 12 மெகாபிக்சல் கேமராவில் உள்ள சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. அந்த 6 மில்லிமீட்டரில் 4,000 புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. அதாவது ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குத் தூசி ஒன்று அதில் போய் உட்கார்ந்தால் குறுக்கே முப்பது புள்ளிகளுக்கு மேல் மறைத்துவிடும். பிலிம் போல இந்தப் பரப்பு நகர்ந்து போகாது. கேமரா உள்ள வரை அதே சென்சார், அதே தூசி.

"மூடிய டப்பாவுக்குள் தூசி எப்படி சார் போகும்?" என்று கேட்டார். ஆன் செய்ததும் லென்ஸ் குழல் வெளியே நீள்கிறது. ஆஃப் செய்தால் உள்ளே போகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தி பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீளும்போது குழல்களின் இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். காற்றில் என்ன இருக்கிறதோ அதுவும் கூட வரும்.

நம் பக்கத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லவா வேண்டும்? செங்கல்பட்டைச் சுற்றிக் கல்குவாரியும் ஜல்லி உடைக்கும் கிரஷரும். கடற்கரையில் மணலும் உப்பும். இதில் உப்புதான் மோசம். உப்புத்துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தூசி ஊதினால் பறக்கும்; உப்பு ஒட்டிய தூசி பறக்காது.

ராஜசிம்மன் காலத்தில் கட்டிய கடற்கரைக் கோயிலைக் கேட்டால் இதே புகாரைத்தான் சொல்லும். 1,300 ஆண்டுகளாக இந்தக் காற்று அதன் முகத்தில் அடிக்கிறது. சிற்பங்களின் மூக்கும் விரலும் கரைந்து மொழுக்கையாகிவிட்டன. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு போட்டார்கள். கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே எடுக்கத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு காகிதக் கூழைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் அப்பி வைக்கிறது. கூழ் காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். பிறகு உரித்து எடுத்துவிடுவார்கள். தேய்ப்பதும் இல்லை, சுரண்டுவதும் இல்லை. சுத்தம் செய்வதில் இது உயர்ந்த முறை என்பேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

• • •

இப்போது கேமராவுக்கு வருவோம். நம்மில் பலர் செய்வது, கறை தெரிந்ததும் வேட்டி முனையால் லென்ஸின் முன்பக்கத்தைத் துடைப்பது. லென்ஸ் முன்னால் உள்ள சிறு தூசி படத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. தெரிவது சென்சாருக்கு மிக அருகில் உள்ளது. சென்சாரின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடி மூடி இருக்கும். தூசி அதன் மேல் உட்கார, அதன் நிழல் சென்சாரில் விழுகிறது. டியூப்லைட்டுக்கு அடியில் கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழும்; சின்ன டார்ச்சுக்கு முன்னால் நீட்டினால் கூர்மையாக விழும். அதே மாதிரி லென்ஸின் துவாரம் அகலமாக இருந்தால் தூசி நிழல் கரைந்துவிடும். துவாரம் சிறுத்தால் பளிச்சென்று தெரியும். முழு ஜூமில் கறை அதிகம் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

ஆகவே சோதிக்கும் முறை:

1. பகலில் வெள்ளைச் சுவர் அல்லது மேகமில்லாத வானத்தை நோக்குங்கள். சூரியன் பக்கம் வேண்டாம்.

2. துவாரத்தை மாற்ற முடிகிற கேமராவென்றால் எஃப் 8 போல மிகச் சிறியதாக வையுங்கள். முடியாவிட்டால் முழு ஜூம்.

3. இரண்டு படம் எடுங்கள். நடுவில் கேமராவைக் கொஞ்சம் நகர்த்துங்கள். நகர்ந்தது சுவரில் உள்ளது. நகராதது கேமராவில் உள்ளது.

சுத்தம் செய்வது எப்படி? லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராவென்றால் ரப்பர் பந்து புளோயரால், கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து ஊதலாம். வாயால் ஊதக் கூடாது. எச்சில் தெறித்தால் தூசியைவிடக் கேடு. 2003இல் ஒலிம்பஸ் நிறுவனம் சென்சார் முன்னால் உள்ள கண்ணாடியை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாட்டை முதலில் தன் கேமராவில் வைத்தது. பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். பையில் போகும் சின்னக் கேமராக்களில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. லென்ஸையும் கழற்ற முடியாது.

ஆகவே சின்னக் கேமராவைத் திறந்துதான் ஆக வேண்டும். இங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கலாம். தொட்டால் தூக்கி அடிக்கும். அதோடு சென்சாரைப் பிடிக்கும் திருகுகள் தலைமுடி அளவு மாறினாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். வேக்குவம் கிளீனரை லென்ஸ் வாயில் வைத்து உறிஞ்சுகிற வித்தை ஒன்று சுற்றுகிறது. சிலருக்குத் தூசி போயிருக்கலாம். மெல்லிய மூடி இதழ்களும் சேர்ந்து போனால் யார் பொறுப்பு?

வராமல் தடுப்பது எளிது. கடற்கரையில் லென்ஸை அடிக்கடி நீட்டி மடக்காதீர்கள். கடல் காற்று ஏறுவதற்கு முன் காலையிலேயே எடுத்து முடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம். அரிசி மாவும் தூசிதான்.

• • •

மாணவி கேட்டார்: "அப்போ தூசி இருக்கிற கேமராவால் எடுத்த படமெல்லாம் வீணா சார்?"

இல்லை. இதற்கு வானியல்காரர்களிடம் ஓர் அழகான வழி இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். இதுபோன்ற தொலைநோக்கிகளின் கேமராவிலும் தூசி விழும். படத்தில் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வட்டம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் பிரித்துத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. வானியல்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? அந்தி வெளிச்சத்தில், நட்சத்திரம் தெளிவதற்கு முன், வெறும் வானத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். அதில் இருப்பது கருவியின் குறை மட்டும்தான். பிறகு இரவில் எடுத்த படத்தை இந்த வெறும் படத்தால் வகுத்துவிடுவார்கள். தூசியின் நிழல் கணக்கில் கழிந்துவிடும். நட்சத்திரம் நிற்கும்.

தூசியைத் துடைப்பதற்கு முன் தூசியைப் பதிவு செய்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். கல்வெட்டு எடுக்கப் போகும்போது முதல் படம் வெள்ளைத்தாள், கடைசிப் படம் வெள்ளைத்தாள். அந்த இரண்டும் கூட இருந்தால் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கிறவனும் எது கல், எது கேமரா என்று தானே முடிவு செய்துகொள்வான்.

இப்போது மொபைலிலேயே ஒரு தட்டு தட்டினால் கறை மறைந்துவிடுகிறது. கல்யாணப் படத்துக்குச் செய்யுங்கள், தாராளமாக. டச்சிங் செய்பவரின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. கல்வெட்டுப் படத்துக்குச் செய்யாதீர்கள். பக்கத்திலுள்ள கல்லை நகலெடுத்து அந்த இடத்தில் அது நிரப்புகிறது. அடியில் நிஜமாகவே புள்ளி இருந்திருந்தால் அதுவும் போய்விடும். வேண்டுமானால் நகல் எடுத்து அதில் செய்யுங்கள். மூலப்படம் கறையோடு அப்படியே இருக்கட்டும்.

துடைக்கிறேன் என்று கிளம்பி எழுத்தையே துடைத்த கதை கோயில்களில் நடந்திருக்கிறது. திருப்பணி என்று சொல்லி, பழைய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க, குழாயில் மணலை அழுத்தத்தோடு அடிக்கும் முறையைத் தமிழ்நாட்டில் பல கோயில்களில் கையாண்டார்கள். சுவர் புதுசு போலப் பளபளத்தது. கல்வெட்டின் விளிம்புகள் மழுங்கின. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து சில நாளில் தேய்ந்தது. ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் போராடிய பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது. காகிதக் கூழை நான் உயர்ந்த முறை என்றது இதனால்தான். அது உப்பை மட்டும் எடுக்கிறது. சிற்பியின் உளி பட்ட இடத்தை எடுப்பதில்லை.

• • •

கடைசியாக, ஆவணங்களிலும் இதே தூசி உண்டு.

மாமல்லபுரத்தை மாலுமிகள் ஏழு கோயில் என்று அழைத்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772இலும் 1776இலும் இங்கே வந்து, ஊரார் சொன்னதைக் கேட்டு எழுதியது 1788இல் அச்சானது. கடலுக்குள் கோயில் உச்சிகள் சூரிய ஒளியில் மின்னியதைப் பெரியவர்கள் பார்த்ததாக அதில் வருகிறது. 1810இல் ஆங்கிலக் கவிஞர் சதே அதைத் தன் காவியத்துக்குள் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வந்த பயண நூல்களில் எல்லாம் ஏழு, ஏழு, ஏழு.

நூறு புத்தகத்தில் ஒரே இடத்தில் ஒரே புள்ளி. இது கல்லில் உள்ளதா, கண்ணாடியில் உள்ளதா? நூறு பேரும் ஒருவரைப் பார்த்தே எழுதியிருந்தால் அது நூறு சாட்சி ஆகாது; ஒரே சாட்சியின் நூறு பிரதி. என் மாணவியின் கேமராவில் எத்தனை படம் எடுத்தாலும் அந்த வட்டம் உண்மையாகிவிடாதது போல.

அதற்காகப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. வேறொரு கருவியால் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். 2002இல் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டிஷ் முக்குளிப்பவர்களும் கரைக்கு அப்பால் கடலுக்குள் இறங்கி, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர் போன்ற கல் அமைப்புகளைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அள்ளிக்கொண்டு போனபோது சாளுவன்குப்பத்தில் பாறையிலிருந்த கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டிய தொல்லியல் துறைக்குச் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. கடலும் மணலும் கட்டடங்களை மூடியிருக்கின்றன என்பது உறுதியாகிவிட்டது. ஏழு என்ற எண் உறுதியாகவில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் வரலாற்றுப் படிப்பு.

என் மாணவி மறுபடி வல்லம் போகிறார். இம்முறை இரண்டு கேமரா, ஒரு வெள்ளைத்தாள், அளவுகோல், சாய்வாக வெளிச்சம் அடிக்க ஒரு டார்ச். கேமராவை மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் அந்தத் தூசியையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேமராவில் இதுவரை எடுத்த படங்களுக்கெல்லாம் அதுதான் சாவி.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2004க்கு முன் மாமல்லபுரத்துக்கும் சாளுவன்குப்பத்துக்கும் சுற்றுலா போய் எடுத்த படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். குழந்தைகள் சிரிக்கும், பின்னால் கரை தெரியும், பாறை தெரியும், மணல் எந்த மட்டத்தில் இருந்தது என்பதும் தெரியும். அவற்றை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்புறம் தேதி எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். தூசியும் கீறலும் இருக்கிறதே என்று அழிக்க வேண்டாம். அப்படியே வையுங்கள். எது கறை, எது கரை என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம்.